பதிவேட்டில் ஏறிய பெயர், ஏறாத சம்பளம்: பிரிட்டனின் பல் செவிலியர்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஜூலை 31 முதல் பிரிட்டனில் பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் டென்டல் கவுன்சிலின் (ஜிடிசி) பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் பல் செவிலியராக வேலை செய்ய முடியாது. பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த வேலை அதற்குள் பல பத்தாண்டுப் பழையதாகிவிட்டிருந்தது. லங்காஷயரின் லேலண்டில் 1940-இலேயே அவர்களுக்குச் சங்கம் தொடங்கியாயிற்று. 1943-இல் முதல் தேர்வும் நடந்தது. ஆனால் சங்கமும் தேர்வும் விரும்பியவர்களுக்குத்தான். பள்ளி முடித்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள், பழகிவிடும்" என்று வேலைக்கு வைப்பதே வழக்கமாக இருந்தது.

பதிவேடு 2006 ஜூலை 31 அன்று திறந்தது. இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள். சான்றிதழ் இல்லாவிட்டாலும் போதிய அனுபவம் இருந்தவர்கள் ஒரு பல் மருத்துவரின் உறுதிமொழியோடு அதற்குள் பதிவு செய்துகொள்ளலாம். கெடு முடிந்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட படிப்பு ஒன்றே வழி. இன்று பதிவேட்டில் சுமார் 60,000 பல் செவிலியர்கள் இருக்கிறார்கள். பல் மருத்துவர்களைவிட இவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்.

மலேசிய, இலங்கை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1921 முதல் நியூசிலாந்து பயிற்றுவித்த "பள்ளிப் பல் நர்ஸ்" குழந்தைகளின் பல்லைத் தானே குடைந்து அடைத்தார். 1949 முதல் பினாங்கிலும், பின்னர் மகரகமையிலும் தொடங்கிய பயிற்சி அந்த மரபைச் சேர்ந்தது. இந்த ஆய்வு பேசுவது வேறு ஆளை. பிரிட்டனின் பல் செவிலியர் நோயைக் கண்டறிவதில்லை, பல்லைக் குடைவதில்லை. அவர் இல்லாமல் அங்கே யாரும் குடைவதும் இல்லை.

இந்தப் பதிவு ஒவ்வொரு செவிலியரையும் தனித்தனியே பொறுப்பாளி ஆக்கியது. அந்தப் பொறுப்புக்கான பணமோ நேரமோ எங்கிருந்து வரும் என்று சட்டம் சொல்லவில்லை. அவர்கள் வேலையை விட்டுப் போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் முளைத்தவை.

வேலை என்பது என்ன

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது எச்சிலை உறிஞ்சும் குழாய் மட்டுமே. நோயாளியின் தலை உச்சி 12 மணி என்று கொண்டு, வலது கைப் பழக்கமுள்ள மருத்துவர் கடிகாரத்தின் 7 மணி முதல் 12 மணி வரையான இடத்தில் உட்கார்ந்தால், செவிலியரின் இடம் 2 மணி முதல் 4 மணி வரை. கருவிகள் கைமாறுவது நோயாளியின் நெஞ்சுக்கு மேலே, முகத்துக்குக் கீழே. மருத்துவர் கண்ணை எடுக்காமலே அடுத்த கருவி சரியான முனை முன்னோக்கியபடி அவர் விரலுக்கு வர வேண்டும். பல்லை அடைக்கும் கண்ணாடி அயனோமர் சிமென்டைச் சற்று முந்திக் கலந்தால் கையிலேயே இறுகிவிடும். பிந்தினால் உலர்த்தி வைத்த பல் மறுபடி ஈரமாகும். வேர் சிகிச்சையில் ஊசி போன்ற ஃபைல் எத்தனை உள்ளே போனது, எத்தனை முழுசாகத் திரும்பியது என்ற கணக்கும் அவரிடம்தான். நோயாளியின் கை நாற்காலிப் பிடியை இறுக்குவதை முதலில் பார்ப்பவரும் அநேகமாக அவரே.

நாற்காலிக்கு அப்பால் இருக்கும் வேலையின் அளவு இன்னும் பெரிது. இங்கிலாந்தில் கருவித் தூய்மைக்கு எச்டிஎம் 01-05 என்ற வழிகாட்டி உண்டு. கையால் கழுவினால் நீர் 45 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடானால் இரத்தப் புரதம் உறைந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளியுள்ள உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு கருவியையும் பார்க்க வேண்டும். அடுத்தது நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 134 முதல் 137 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம். வெற்றிடம் உண்டாக்கும் வகை ஆட்டோகிளேவ் என்றால் நாளின் முதல் வேலையாக நீராவி ஊடுருவல் சோதனை. நாற்காலியின் நீர்க்குழாய்களைக் காலையில் 2 நிமிடமும் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் 20 முதல் 30 விநாடியும் ஓடவிட வேண்டும். இத்தனையையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் நோயாளிக்கு 9 மணி என்றால் செவிலியர் 8.30-க்காவது வந்தால்தான் இது முடியும். அந்த அரை மணிக்குச் சம்பளம் தராத கிளினிக்குகள் உண்டு. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், 46 வேலை வாரத்துக்கு 115 மணி நேரம். மூன்று வாரச் சம்பளத்துக்கும் மேலே இலவசமாகப் போகிறது.

கையெழுத்தின் எடை

2008-க்கு முன் ஆட்டோகிளேவ் சோதனை தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி மருத்துவர். இப்போது சோதனைக் குறிப்பில் கையெழுத்திட்ட செவிலியரும் ஜிடிசியின் முன் நிற்க நேரலாம். 2013-இல் வெளிவந்த ஜிடிசி நெறிமுறையின் ஒன்பது கோட்பாடுகள் மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஒன்றே. அதில் எட்டாவது, நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தால் குரல் எழுப்புவது கடமை என்கிறது.

தாளில் இது சமத்துவம். கிளினிக்குக்குள் நிலைமை வேறு. கருவிகள் போதாமல் சோதனையைத் தவிர்க்கச் சொல்பவரும், அடுத்த வாரம் யாருக்கு எத்தனை மணி நேர வேலை என்று தீர்மானிப்பவரும் ஒரே ஆள். அவரைப் பற்றிப் புகார் சொன்னால் வேலை ஆட்டம் காணும். சொல்லாவிட்டால் பதிவு ஆட்டம் காணும். பொதுநலனுக்காக உண்மையை வெளிப்படுத்துவோரைக் காக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் யார் சொன்னது என்பதை மறைக்க முடியாது. மருத்துவமனைச் செவிலியருக்கு மேலாளர் ஒருவர், மனிதவளப் பிரிவு ஒன்று, பக்கத்து வார்டில் சக செவிலியர் பத்துப் பேர் இருக்கிறார்கள். பல் செவிலியருக்கு முதலாளி மட்டுமே. நாங்கள் தனித்தொழில் என்ற உணர்வு வேர்விடாமல் போனதற்கு இந்தத் தனிமை முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

பதிவைத் தக்கவைக்கும் செலவும் அவரவர் தலையில். 2024-இல் ஆண்டுக் கட்டணம் 96 பவுண்டு. பல் மருத்துவருக்கு 621. கட்டணம் இறங்கியது குறித்து யாரும் அழவில்லை, 2015-இல் இது 116 ஆக இருந்தது. ஐந்தாண்டுச் சுழற்சியில் 50 மணி நேரச் சரிபார்க்கத்தக்க தொடர்கல்வி வேண்டும். எந்த இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகளை எடுத்தாலும் அதில் குறைந்தது 10 மணி நேரம் இருக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் முதல் எழுதப்பட்ட தனிவளர்ச்சித் திட்டமும் கட்டாயம். கூடவே ஈட்டுறுதிக் காப்பீடு, அது முதலாளியின் காப்பீட்டின் வழியாகவும் இருக்கலாம்.

பலரும் தடுக்கி விழுவது தேதியில். மருத்துவரின் பதிவு ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. செவிலியரின் ஆண்டு ஜூலை 31-இல். கிளினிக் நிர்வாகம் மருத்துவரின் தேதியை மட்டும் நினைவில் வைத்திருக்கும். ஜூலையில் வங்கிக் கணக்கு மாறி, நேரடிப் பற்று நின்று, செவிலியரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியிருக்கும். ஆகஸ்ட் முழுக்க அவர் வேலை செய்துகொண்டிருப்பார். அது சட்டமீறல். அவரை வேலையில் வைத்திருந்த மருத்துவரும் பதில் சொல்ல வேண்டும். மறுபதிவு முடியும் வரை அவர் நாற்காலிப் பக்கம் போகக் கூடாது.

ஒரே வேலை, இரண்டு சம்பளம்

மருத்துவமனையிலோ சமூகப் பல் சேவையிலோ வேலை செய்யும் பல் செவிலியர் தேசிய சுகாதாரச் சேவையின் ஊதிய அட்டவணைப்படி பொதுவாக 4-ஆம் படியில் இருக்கிறார். இங்கிலாந்தில் 2025–26-க்கு அதன் தொடக்கம் ஆண்டுக்கு 27,485 பவுண்டு, மணிக்கு ஏறத்தாழ 14 பவுண்டு. பொது கிளினிக்குகளுக்கு எந்த அட்டவணையும் கிடையாது. தரை மட்டும் உண்டு: 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2025 ஏப்ரலில் 12.21 பவுண்டு என நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. பலருடைய சம்பளம் அதைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது.

மணிக்கூலியைவிடப் பின்னால் இருப்பவற்றில்தான் வித்தியாசம் பெரிது. சுகாதாரச் சேவையில் ஓய்வூதியத்துக்கு முதலாளி செலுத்துவது சம்பளத்தில் 23.7 சதவீதம், கிளினிக்கில் சட்டக் குறைந்தபட்சமான 3 சதவீதம். அங்கே தொடக்க விடுப்பு 27 நாள், அதற்கு மேல் 8 பொது விடுமுறை. இங்கே பொது விடுமுறையும் சேர்த்தே 28 நாள். அங்கே நோயுற்றால் முதல் ஆண்டிலேயே ஒரு மாதம் முழுச் சம்பளம். இங்கே பெரும்பாலும் சட்டம் சொல்லும் நோய்ப்படி மட்டும், 2025–26-இல் வாரத்துக்கு 118.75 பவுண்டு.

இதில் உறுத்துவது ஓய்வூதியம். குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் தொலைபேசி எடுப்பவர்கூடச் சுகாதாரச் சேவையின் ஓய்வூதியத்தில் சேரலாம். அதே சேவையின் நோயாளிகளைப் பார்க்கும் பல் கிளினிக்கில் மருத்துவர் சேரலாம், செவிலியர் சேர முடியாது. பல் செவிலியர் சங்கம் இதை ஆண்டாண்டாகக் கேட்டுவருகிறது. "நீங்களும் சுகாதாரச் சேவைக் குடும்பம்தான்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஓய்வூதியப் படிவம் வரும்போது மட்டும் "நீங்கள் தனியார் ஊழியர்" என்றால் அவர் எதை நம்புவார்?

ஆனால் கோவிட் காலத்தில் ஆபத்து இவர்களுக்கும் பொதுவாக இருந்தது. 2020 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் வழக்கமான பல் சிகிச்சை நின்று ஜூன் 8-இல் மறுபடி தொடங்கியபோது, எஃப்எஃப்பி3 முகக்கவசத்தில், காற்றில் துளி பரவும் சிகிச்சைக்குப் பின் அறையை ஒரு மணி நேரம் காலியாக விட்டுத் திரும்ப நுழைந்து துடைத்தவர் செவிலியர்.

ஒரு செவிலியர் வராத நாளின் விலை

"சம்பளம் கூட்டச் சுகாதாரச் சேவை ஒப்பந்தத்தில் பணமில்லை" என்று முதலாளிகள் சொல்லும் பதில் முழுப் பொய்யில்லை. 2006 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் சுகாதாரச் சேவைப் பல் கிளினிக்கின் வருமானம் யுடிஏ என்ற அலகில் எண்ணப்படுகிறது. பரிசோதனைக்கு 1, கிரீடம் அல்லது செயற்கைப் பல் தொகுதிக்கு 12. அந்த அலகில் செவிலியரின் உழைப்புக்கென்று தனி வரி இல்லை. ஆனால் அவர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே அலகில் கணக்கிடலாம்.

உதாரணக் கணக்கு: ஒரு மருத்துவர், ஆண்டுக்கு 6,000 யுடிஏ, ஒன்றுக்கு 30 பவுண்டு, வேலை நாள் 220. ஒரு நாளுக்கு 27.3 யுடிஏ, 818 பவுண்டு. செவிலியர் ஒருவர் விலகி, மாற்றாள் கிடைக்காமல் 10 நாள் அந்த அறை மூடியிருந்தால் 273 யுடிஏ போயிற்று, 8,180 பவுண்டு. இலக்கில் இது 4.5 சதவீதம். ஒப்பந்தப்படி 96 சதவீதத்தை எட்டினால் மீதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். அதற்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வேறு எதிலும் பிசகாமல் இந்தப் பத்து நாள் மட்டுமே கிளினிக்கை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடும்.

அதே செவிலியருக்கு மணிக்கு ஒரு பவுண்டு கூட்டினால் என்ன செலவு? வாரம் 37.5 மணி நேரம், 52 வாரம்: 1,950 பவுண்டு. முதலாளியின் தேசியக் காப்பீடு 15 சதவீதம், ஓய்வூதியம் 3 சதவீதம் சேர்த்தால் சுமார் 2,300. அறை வருமானத்தில் பாதி மருத்துவருக்குப் போகிறது என்று கழித்தாலும், பத்து நாள் மூடல் இதைவிட விலை கூடியது. சம்பளச் செலவு மாதாமாதம் கணக்கில் தெரிகிறது. ஆள் இல்லாத செலவு மார்ச் இறுதியில்தான் தெரிகிறது. மேலாளர்கள் தவறாகக் கணக்குப் போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

பயிற்சியாளர் என்ற மலிவு வழி

ஆள் போனதும் பயிற்சியாளரை எடுப்பது எளிது. அவர் பதிவேட்டில் இருக்க வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் சேர்ந்திருந்தால், அல்லது சேரக் காத்திருந்தால், மேற்பார்வையில் வேலை செய்யலாம். தொழிற்பழகுநர் என்றால் 19 வயதுக்குட்பட்டவருக்கும், வயது எதுவானாலும் முதல் ஆண்டில் இருப்பவருக்கும் மணிக்கு 7.55 பவுண்டு போதும் என்றது 2025-இன் சட்டம். படிப்பு முடிய ஏறக்குறைய 12 முதல் 18 மாதம்.

கோளாறு மூன்று இடத்தில் வருகிறது. "காத்திருக்கிறார்" என்ற நிலை மாதக்கணக்கில் நீண்டு, கடைசிவரை எந்தப் படிப்பிலும் சேர்க்காமலே வேலை வாங்குவது ஒன்று. மூன்று அறைக்கும் மூன்று பயிற்சியாளர், மேற்பார்வைக்கு மருத்துவரே என்று வைத்துவிடுவது இன்னொன்று. வாய்க்குள் கண் வைத்திருப்பவர் பின்னால் நடக்கும் கருவித் தூய்மையை எப்படிப் பார்ப்பார்? மூன்றாவது, தேர்வு முடிந்த நாளில் வருவது. பதிவுக் கட்டணம், தொடர்கல்வி, சட்டப் பொறுப்பு எல்லாம் அன்று அவர் மேல் ஏறும். சம்பளமோ சில பென்ஸ் ஏறும், அல்லது வயதுக்கான குறைந்தபட்சக் கூலியிலேயே நிற்கும். அவர் சமூகப் பல் சேவையின் 4-ஆம் படி விளம்பரத்தைத் தேடத் தொடங்குகிறார். கிளினிக் அடுத்த பயிற்சியாளரை எடுக்கிறது.

ஸ்காட்லாந்தில் வேறு வழி

செவிலியரின் பெயருக்குக் கீழே தனி வேலை ஒன்றை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டம் நல்ல சான்று. கூடுதல் பயிற்சி பெற்ற பல் செவிலியர்கள் வறுமை மிகுந்த பகுதிகளின் மழலைப் பள்ளிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய், ஆண்டுக்கு இரண்டு முறை குழந்தைகளின் பல்லில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுகிறார்கள். அறையில் மருத்துவர் இல்லை.

நடைமுறை கறாரானது. முதலில் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் உடல்நல விவரமும். ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது உண்டா, கொலோஃபனி என்ற பிசினுக்கோ ஒட்டுப் பிளாஸ்திரிக்கோ ஒவ்வாமை உண்டா என்று பார்க்க வேண்டும். வாயில் புண் இருந்தால் அன்று பூசுவதில்லை. பல்லைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, 22,600 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள வார்னிஷை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். பால்பற்கள் மட்டும் உள்ள குழந்தைக்கு உச்ச அளவு 0.25 மில்லி, கலப்புப் பல் வரிசைக்கு 0.4 மில்லி. பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, அன்று முழுக்க மென்மையான உணவு. சொத்தை போலத் தெரிந்தால் அவர் அதற்குப் பெயர் வைப்பதில்லை. மருத்துவரிடம் காட்டும்படி வீட்டுக்குக் கடிதம் போகும்.

எந்தப் பிரிவினர் எந்த வேலை செய்யலாம் என்று சொல்லும் ஜிடிசியின் 2013 வரம்பும் இதை அனுமதித்தது. அந்த ஆண்டு மே முதல், பல் பொதுசுகாதார நிபுணர் தலைமையிலான திட்டங்களில் மருத்துவரின் தனிச்சீட்டு இல்லாமலே செவிலியர் வார்னிஷ் பூசலாம். அனுமதி பிரிட்டன் முழுமைக்கும் பொது. ஸ்காட்லாந்தில் அதற்குப் பயிற்சியும் பணியிடமும் சம்பளப் படியும் சேர்ந்து வந்தன. இங்கிலாந்தின் கிளினிக்குகளில் எக்ஸ்ரே, மயக்கமருந்து உதவி, வாய்நலக் கல்வி என்று சொந்தச் செலவில் சான்றிதழ் வாங்கிவிட்டு, அதைப் பயன்படுத்த ஒரு மணி நேரம்கூட அட்டவணையில் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

பிடிஎஸ் படித்துவிட்டு அந்த நாற்காலியருகே

தமிழ்நாட்டிலிருந்து போகும் பல் மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெளிநாட்டில் படித்தவர் பிரிட்டனில் பல் மருத்துவராகப் பதிவு பெற எழுதும் ஓஆர்இ தேர்வுக்கு இடம் கிடைக்கக் காத்திருக்கும் காலத்தில் பலர் பல் செவிலியராக வேலை தேடுகிறார்கள். 2023 மார்ச் 8 வரை பிடிஎஸ் பட்டத்தைக் காட்டியே செவிலியர் போன்ற துணைத்தொழில் பிரிவுகளில் பதிவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அன்று நடைமுறைக்கு வந்த ஆணை அந்த வழியை அடைத்துவிட்டது. முன்பே பதிவானவர்களுக்குப் பாதிப்பில்லை. இப்போது போகிறவர் அங்கீகரிக்கப்பட்ட செவிலியர் படிப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்தால்தான் நாற்காலிப் பக்கம் நிற்கலாம். வாட்ஸ்அப் குழுக்களில் பழைய விதியே இன்னும் சுற்றுகிறது.

இவர்கள் மாட்டிக்கொள்வது அறியாமையால் அல்ல, பழக்கத்தால். மருத்துவர் வெளியே போன இரண்டு நிமிடத்தில் நோயாளி, "இதற்கு வேர் சிகிச்சை வேண்டியிருக்குமா?" என்று கேட்பார். வாய் தானாகத் திறக்கும். பதில் சொன்னால் அது நோய் கண்டறிதல். தைத்த நூலைத் தானே சோதித்து எடுப்பது, உறுத்தும் பல் தொகுதியைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுப்பது எல்லாம் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் பல் மருத்துவம் செய்வதாகும். அதுவே பின்னாளில் மருத்துவராகப் பதிவு கேட்கும்போது குறுக்கே நிற்கும். "டாக்டர் வந்ததும் சொல்கிறேன்" என்ற ஒற்றை வாக்கியம் போதும்.

கிளினிக் அளவில் செய்யக்கூடியவை

ஓய்வூதியமும் ஒப்பந்தமும் அரசின் கையில். மற்றவற்றில் கணிசமானது கிளினிக்கின் கையிலேயே இருக்கிறது.

முதலில் தலைக்கணக்கு. மூன்று அறை என்றால் மூன்று செவிலியர் என்று எடுப்பதுதான் மூலத் தவறு. மூன்று பேர் நாற்காலிக்கு, ஒருவர் கருவித் தூய்மைக்கு, ஆக நான்கு இடம். ஒவ்வொருவருக்கும் பொது விடுமுறை நீங்கலாக 20 நாள் விடுப்பு, நான்கு பேருக்கு 80 நாள். இது ஒருவரின் ஆண்டு வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நோய், பயிற்சி நாட்களைச் சேர்த்தால் நான்கு இடத்துக்கு நாலரை ஆள் வேண்டும். அந்த அரை ஆளை மிச்சம் பிடித்தால், ஒவ்வொரு விடுப்பின்போதும் தூய்மை அறையிலிருக்கும் செவிலியரைப் பிடித்து நாற்காலிக்கு இழுக்க வேண்டிவரும், கருவி தேங்கும், சோதனைப் பதிவை மாலையில் மொத்தமாக எழுதும் பழக்கம் வரும்.

சம்பளப் படிகளைத் தாளில் எழுதி ஒட்டலாம்: பதிவான நாளில் இவ்வளவு, எக்ஸ்ரே சான்றிதழுக்கு இவ்வளவு, பயிற்சியாளரை மேற்பார்வை செய்வதற்கு இவ்வளவு. தொகை சிறிதாக இருந்தாலும், கேட்டுப் பெற வேண்டிய நிலை இல்லை என்பதே ஆளைத் தங்கவைக்கும். சான்றிதழுக்கு அனுப்பும் முன்பே அதைப் பயன்படுத்தும் நேரத்தை அட்டவணையில் ஒதுக்க வேண்டும். வாய்நலக் கல்வி முடித்தவருக்கு வாரம் அரை நாள் தனி அறை, தனி நோயாளிப் பட்டியல். காலை அரை மணிக்கும் தொடர்கல்விக்கும் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஆண்டுக் கட்டணத்தைக் கிளினிக்கே கட்டினால், கட்டியாயிற்றா என்ற கவலையும் சேர்ந்து தீரும். ஜூலை முதல் வாரத்திலும் ஆகஸ்ட் 1 காலையிலும் ஜிடிசி இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்த்து, தேதியிட்டு அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் ஆகஸ்டில் மேலாளர் பெரும்பாலும் விடுப்பில் இருப்பார்.